பார் மேசையில் சீட்டுக்கட்டு: சட்டம் யாரைக் கேட்க வேண்டும்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரு கோரைப்பாய் தறியிலிருந்து இறங்க எவ்வளவு கை உழைப்பு வேண்டும் என்று ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோரையைக் கிழித்துக் காயவைத்து, சாயம் ஏற்றி, ஒவ்வொரு புல்லாகக் கோத்து அடித்தால்தான் பாய். அந்தப் பாய் விற்ற காசும், கரும்பு வெட்டிய கூலியும், முந்திரித் தோப்பு வேலைக்கான சம்பளமும் வாரக் கடைசியில் கைக்கு வருகின்றன. வீடு போய்ச் சேருவதற்குள் அந்தக் காசுக்கு இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. ஒன்று பாட்டில், இன்னொன்று சீட்டு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒரே மேசையில் சேர்ந்துவிட்டால், திங்கட்கிழமை காலையில் அரிசிக்கும் பிள்ளைகளின் பஸ் காசுக்கும் அக்கம்பக்கத்தில் கைநீட்டுவது வீட்டுப் பெண்கள்தான்.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாகவும், அதை ஒட்டியே சூதை 94-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அடுத்த அதிகாரம் மருந்து. இரண்டு கேடுகளும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவை என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

அரசு உரிமத்தோடு மது பரிமாறும் இடத்தில் காசு வைத்து ஆடினால் என்ன ஆகும், யார் குற்றவாளி, எங்கே புகார் கொடுப்பது? மக்களிடம் இருக்கும் சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டாஸ்மாக் பாரில் உட்கார்ந்து காசு வைத்துச் சீட்டாடலாமா?

கூடாது. சென்னை நகருக்கு 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். ஸ்ரீமுஷ்ணம் உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கு 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். இந்த ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே வந்த சட்டம் அது. 1993-இல் கடலூர் மாவட்டம் பிரிந்த பிறகும் அதுவே நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் காசு வைத்து ஆடுவதை அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு தண்டிக்கிறது. செய்தித்தாளில் "காசு வைத்துச் சூதாடிய ஐந்து பேர் கைது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பிரிவு.

அதைவிடக் கனமானது 'பொதுச் சூதாட்ட இல்லம்' என்ற பிரிவு. வீடு, அறை, கொட்டகை, அடைத்த இடம், வண்டி என எதுவாக இருந்தாலும், அந்த இடத்தை வைத்திருப்பவருக்கு ஆதாயம் வரும்படி அங்கே சூதாட்டம் நடந்தால், அது பொதுச் சூதாட்ட இல்லம். இடத்துக்கு வாடகை, சீட்டுக்கட்டுக்குக் கட்டணம், ஆட்டத்துக்கு இவ்வளவு பங்கு என்று ஆதாயம் எந்த உருவத்தில் வந்தாலும் சட்டம் அதைப் பிடிக்கும்படி வார்த்தைகளை அகலமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தை நடத்துவது ஒரு குற்றம், 8-ஆவது பிரிவு. அங்கே ஆடுவது இன்னொரு குற்றம், 9-ஆவது பிரிவு.

மேசையில் காசே இல்லை, தீக்குச்சியும் சோடா மூடியும்தான் இருந்தன என்றால் தப்பிக்கலாமா?

பலர் நம்பிக்கொண்டிருக்கும் தவறான பாடம் இது. சூதாட்ட இல்லம் என்ற சந்தேகத்தின் பேரில் முறையான அதிகாரத்தோடு சோதனை நடத்தி, சீட்டும் தாயக்கட்டையும் கிடைத்தால், மாறாக நிரூபிக்கும் வரை அதுவே சூதாட்ட இல்லத்துக்கு அடையாளம் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது. பணயம் வைத்து ஆடினார்கள் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது 7-ஆவது பிரிவு. தீக்குச்சிக் கணக்கு அங்கே உதவாது.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சோதனைக்கு மாஜிஸ்திரேட்டின் வாரண்டோ சட்டம் குறிப்பிடும் உயர்நிலை போலீஸ் அதிகாரியின் அதிகாரமோ வேண்டும். அதில் ஓட்டை விழுந்தால் வழக்கே விழும். பல சூதாட்ட வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்காமல் போவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

ரம்மி திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே?

சொன்னது உண்மை. எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று முழுதாகப் பார்க்க வேண்டும்.

செகந்திராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்று ஒரு மன்றம். 1963-இல் அங்கே போலீஸ் சோதனை நடந்தது. ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேலும் கிளப் நிர்வாகிகள் மேலும் வழக்கு. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பானது. ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைப் போடுவது என்று கணக்குப் போட வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமையைச் சேர்ந்தது என்றது நீதிமன்றம். வெறும் திறமை ஆட்டங்களுக்கு நமது 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் விலக்கு தருகிறது.

அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ரம்மிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அவற்றைச் சொல்வதில்லை. முதலாவது, மூணு சீட்டு முழுக்க முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் என்று நீதிமன்றம் பெயர் சொல்லியே ஒதுக்கியது. அதே அளவுகோலில் பார்த்தால் மங்காத்தா என்கிற உள்ளே-வெளியேவுக்கும் இதே கதிதான். இரண்டாவது, ரம்மியாகவே இருந்தாலும், இடத்தை வைத்திருப்பவர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் குற்றம் வரக்கூடும் என்று வாசலைத் திறந்தே வைத்தது. சீட்டுக்கட்டுக்கும் உட்காரும் வசதிக்கும் கிளப் வாங்கிய சிறு கட்டணத்தை மட்டும்தான் அது லாபமாகக் கருதவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மறுபடி மறுபடி எழுந்தது. காசு வைத்து ஆடும் ரம்மி சூதாட்டமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2012-இல் மகாலட்சுமி கலாச்சாரச் சங்க வழக்கில் சொன்னது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2015-இல் மூல மனுவே திரும்பப் பெறப்பட்டதால், அந்தக் கருத்து நிலைக்காமல் போனது. மாநில அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை 2023 நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, ரம்மி திறமை ஆட்டம் என்ற நிலை இன்றும் நிற்கிறது.

ஆனால் மது பரிமாறும் இடத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கேள்வி உண்டு. இது எந்தத் தீர்ப்பும் சொன்னதில்லை, என் வாதம். விழுந்த சீட்டை நினைவில் வைப்பதுதான் ரம்மியின் திறமை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த நினைவைக் கரைக்கிற பொருள் அதே மேசையில் கிளாஸில் ஊற்றி வைத்திருக்கும்போது, அந்தத் திறமை யாரிடம் மிஞ்சும்? மூன்று ரவுண்டு உள்ளே போனவனுக்கும் சோடாவை மட்டும் குடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கும் நடக்கும் ஆட்டம் திறமைக்கும் திறமைக்கும் நடக்கும் போட்டி ஆகாது. குடிக்காதவன் குடித்தவனின் மடியை அவிழ்க்கிற வேலை அது. மது உரிமம் பெற்ற இடங்களுக்குத் தனி விதி வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

மனமகிழ் மன்றம் என்று போர்டு வைத்தால் எல்லாம் சரியா?

தமிழ்நாட்டில் மதுவும் சீட்டும் சட்டத்தின் நிழலில் ஒன்றாக உட்காரும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1981-ஆம் ஆண்டு மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளின்படி உரிமங்கள் பல வகை. நட்சத்திர ஹோட்டல்களுக்கு எஃப்.எல்.3. மனமகிழ் மன்றங்களுக்கு எஃப்.எல்.2. இந்த இரண்டாவது வகை, லாப நோக்கம் இல்லாமல் உறுப்பினர்களே நடத்தும் மன்றத்துக்கு, அந்த உறுப்பினர்களுக்குப் பரிமாற மட்டும் தரப்படுவது. மன்றம் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவாகியிருக்கும். டென்னிஸ், கேரம், நூலகம், சீட்டு அறை என்று நோக்கங்கள் எழுதியிருப்பார்கள்.

பல ஊர்களில் நடப்பது வேறு. தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே போகலாம். கையெழுத்துப் போட ஒரு நோட்டு இருக்கும், அன்றைக்கே உறுப்பினர். உறுப்பினர் பெயரில் தனியார் பார், பொழுதுபோக்கு பெயரில் காசு ஆட்டம். மன்றங்கள் பற்றிய புகார்களில் அடிபடுவது இந்த இரண்டும்தான். ரம்மியைத் தடுக்கக் கூடாது என்று மன்றங்கள் நீதிமன்றம் போவதும், சட்டவிரோதம் நடந்தால் போலீஸ் சோதிப்பதற்குத் தடையில்லை என்று பதில் வருவதும் தமிழகத்தில் பழகிப்போன காட்சி.

சட்டப்படி உரசிப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். ஆடுகிறவர் உண்மையான உறுப்பினரா? ஆடுவது ரம்மியா, மூணு சீட்டா? ஆட்டத்திலிருந்து ஒரு பங்கு தனி மனிதர் யாருடைய பைக்காவது போகிறதா? முதல் கேள்வியில் சறுக்கினால் மது உரிமத்துக்கு ஆபத்து. மற்ற இரண்டில் சறுக்கினால் சூதாட்டச் சட்டம் வந்து நிற்கும். போர்டில் எழுதியிருக்கும் பெயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பார் நடத்துபவர் 'எனக்குத் தெரியாது, குடிக்க வந்தவர்கள் ஆடினார்கள்' என்றால்?

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கு உரிமம் எதற்கு என்று முதலில் பார்க்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி, டெண்டரில் பார் எடுத்தவருக்குக் கிடைக்கும் உரிமை தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேகரிப்பதும்தான். மது விற்கிற உரிமைகூட அவருக்குக் கிடையாது. அது கடைக்குச் சொந்தம். சீட்டு மேசை போடுகிற உரிமை எங்கிருந்து வரும்? கடைக்கான நேரம் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஆட்டம் ஓடினால், சூதாட்டத்தோடு நேர மீறலும் சேரும்.

'ஆட்டத்தில் நான் பங்கு எடுக்கவில்லை' என்பது அடுத்த பதில். ஆட்டம் நடந்தால் கூட்டம் நேரம் போவது தெரியாமல் உட்காரும், உட்கார உட்காரச் சுண்டலும் ஆம்லெட்டும் விற்கும். இதுவும் ஆதாயம்தான் என்பது என் கருத்து. சட்டத்தின் அகலமான வார்த்தைகள் அதற்கு இடம் கொடுக்கின்றன என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியத்தைப் பார்த்து நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கும்பலாகச் சேர்ந்து அனுமதியில்லாத சூதாட்டம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு கயிறும் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆவது பிரிவு, அதைச் சிறு அளவிலான திட்டமிட்ட குற்றமாக்கி, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது.

இருந்தும் நடைமுறையில் என்ன நடக்கிறது? சீட்டு பிடித்திருந்த கூலிக்காரர் பிடிபடுகிறார். மேசையில் இருந்த சில நூறு ரூபாய் பறிமுதல். நீதிமன்றத்தில் அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்புகிறார். அந்த அபராதமும் வீட்டுக் காசுதான். மேசை போட்டவர் வேறு கட்டு வாங்கிப் போட்டு அன்றைக்கே ஆட்டத்தைத் தொடர்கிறார். இது நியாயமில்லை. சட்டம் இடத்துக்காரரைத்தான் முதலில் வைத்திருக்கிறது: 8-ஆவது பிரிவு அவருக்கு, 9-ஆவதுதான் ஆடுகிறவருக்கு. வழக்குப் பதிவும் அதே வரிசையில் வர வேண்டும்.

மற்ற இடங்களில் எப்படி?

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே உள்ள அப்காரிச் சட்டத்தில், மது விற்கும் இடத்தில் குடிவெறி ரகளையையோ சூதாட்டத்தையோ உரிமதாரர் அனுமதிப்பதே குற்றம் என்று நேராக எழுதியிருக்கிறது. யார் ஆடினார்கள், என்ன ஆட்டம் என்பதற்கு முன்பாக, ஏன் அனுமதித்தாய் என்ற கேள்வி உரிமதாரரிடம் போகிறது. கோவா இதற்கு நேர் எதிர்த்திசை. அங்கே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தம் செய்து, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் கேசினோவை அனுமதித்துவிட்டார்கள்; மதுவும் ஆட்டமும் அங்கே கைகோத்தே நடக்கின்றன.

இங்கிலாந்து நடு வழியில் போகிறது. 1872-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் மதுக்கடையில் சூதாட்டத்தை அனுமதித்த உரிமதாரரைத் தண்டித்தது. இன்றைய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பப்பில் போக்கர் ஆடலாம். ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் 5 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது, ஒரு நாளைக்கு அந்த இடம் முழுவதற்கும் 100 பவுண்டுதான். ஆடுவதற்கென்று பப் கட்டணம் வாங்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே யாரும் உட்காரக் கூடாது. வரம்பைக் காப்பது உரிமதாரரின் பொறுப்பு.

புதுச்சேரிப் பக்கம் போய் ஆடினால்?

கடலூரைத் தாண்டினால் மது விலையும் விதியும் மாறும். சூதாட்டத்துக்கு அனுமதி இருப்பதாக நினைத்துக்கொண்டு போக வேண்டாம். அங்கும் 1965-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இருக்கிறது.

பாரில் உட்கார்ந்து போனில் ஆடினால் யாருக்கு என்ன?

சீட்டுக்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலர் போனுக்கு மாறிவிட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழக அரசு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியதால் சட்டமன்றத்தில் மறுபடியும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. இணையத்தில் அதிர்ஷ்ட ஆட்டம் ஆடுகிறவருக்கு மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை அதில் உண்டு. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு, 10 லட்சம் வரை.

மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. காசு கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் நடத்தக் கூடாது. மீறினால் மூன்றாண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை. ஆடுகிறவரை அந்தச் சட்டம் குற்றவாளி ஆக்கவில்லை, ஏமாந்தவராகவே பார்க்கிறது. பார் மேசைக்கும் இதே கண்ணோட்டம் வர வேண்டும்.

மூன்று நம்பர் லாட்டரி?

2003 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் எந்த லாட்டரியும் விற்கக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் குற்றம்தான்.

தீபாவளிக்கு வீட்டில் சொந்தக்காரர்கள் ஆடுவது?

வீட்டுக்காரர் அதில் ஆதாயம் பார்க்காத வரை, அந்த வீடு பொதுச் சூதாட்ட இல்லம் ஆகாது. அதே ஆட்டத்தைத் தெருத் திண்ணைக்கோ ஏரிக்கரைக்கோ கொண்டுபோனால் 12-ஆவது பிரிவு வரும்.

தோற்ற காசுக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிவிட்டார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவில் சொல்கிறது. ஜெயித்தவர் அந்தக் காசைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் புரோநோட்டில் 'சூதில் தோற்றது' என்று யாரும் எழுதுவதில்லை. 'குடும்பச் செலவுக்காக ரொக்கம் பெற்றேன்' என்றுதான் எழுதியிருக்கும். கையெழுத்து உங்களுடையது என்றால், காசு கைமாறியது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில். அன்று உடன் இருந்தவர்கள், போன் செய்திகள், அதே நாளில் பதிவான வழக்கு எல்லாம் அப்போது உதவும்.

குடித்திருக்கும்போது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் காத்திருக்காமல் புகார் கொடுங்கள். வட்டிக்கு மேல் வட்டி என்று மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம்.

சரி, புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

காவல் நிலையத்தில் கொடுக்கலாம். அதோடு நிறுத்திவிட வேண்டாம். காவல் நிலையம் ஆட்டத்தைப் பார்க்கும். உரிமத்தைப் பார்க்க வேண்டியது வேறு அலுவலகம். டாஸ்மாக் பார் என்றால் கடலூரில் உள்ள டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும், மனமகிழ் மன்றம் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கலால் பிரிவு உதவி ஆணையருக்கும் அதே புகாரின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் நேரில் கொடுத்தால் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். மது தொடர்பான புகாருக்கு 10581 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இணையத்தில் காசு இழந்தால் 1930. சூதையோ குடியையோ விட முடியாமல் தவிப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

மனுவில் எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். உங்கள் வீட்டுக்காரர் பெயரும் அவரோடு ஆடியவர்கள் பெயரும் மட்டும் இருக்கிற மனு, அவர்களுக்கு அபராதம் வாங்கித் தருவதோடு முடிந்துபோகும். எந்த இடம், கடை எண் என்ன, என்றைக்கு எத்தனை மணிக்கு, மேசை போட்டது யார், சீட்டுக்கட்டு கொடுத்தது யார், ஆட்டத்தில் பங்கு எடுத்தது யார் என்று எழுதுங்கள். 'உரிமத்தின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற வரியை மறக்காமல் சேருங்கள்.